லாக் ரிங் சக்கரத்துக்குக் காற்று ஏற்றும் முறை

10.00-20 டியூப் டயர் ஓடும் லாரிச் சக்கரங்களில், டயர் வெளியே நழுவாமல் பிடிக்கும் இரும்பு வளையமான லாக் ரிங்கை எந்த போல்ட்டும் பிடித்திருப்பதில்லை. டிஸ்க்கின், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தின், பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் உள்ளே ஏறும் காற்றே அதை இறுக்கும். ஓர் ஓரம் தூக்கி நின்றால் அதே காற்று பிய்த்து வீசிவிடும். 10.00-20 என்பதில் 20 டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். அந்த வட்டத்தின் பரப்பு 314 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அத்தனை பரப்பை அழுத்தும் விசை 14 டன்னைத் தாண்டும்.

கழற்றும்போதே கவனம் வேண்டும். வீல் நட்டைத் தொடும் முன் வால்வு பின்னை (வால்வுக்குள் காற்றை அடைக்கும் ஊசி) எடுத்துக் காற்றை முழுதாக விடுங்கள். ஜோடி டயர் என்றால் இரண்டிலும். சத்தம் நின்றதும் வால்வுக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள், அழுக்கு அடைத்துக் காற்று தங்கியிருக்கலாம்.

பள்ளத்தையும் ரிங்கையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். விரல் நகமளவு துருச் செதில் பள்ளத்தில் கிடந்தாலே ரிங் முழுதாக இறங்காது. சமதரையில் போட்டால் ரிங் ஆடக் கூடாது. விரிசல், வளைவு, ஆழமான அரிப்பு இருந்தால் காயலான் கடைக்குத்தான், வெல்டிங் வேண்டாம். வேறு டிஸ்க்கின் ரிங் பார்வைக்குப் பொருந்தும், ஆனால் அளவும் வகையும் ஒன்றாக இல்லாவிட்டால் மாட்டாதீர்கள்.

டியூப், பிளாப் (டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே போடும் ரப்பர் பட்டை), ரிங் எல்லாம் பூட்டியபின் டயர் விளிம்பு ரிங்கை அணைக்கும் அளவுக்குச் சிறிது காற்று மட்டும். சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். சரியாக இருந்தால் சக்கரத்தை, ரிங் தெறித்தால் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் தள்ளி மீதிக் காற்றை ஏற்றுங்கள். வால்வைத் தானே கவ்வி நிற்கும் கிளிப், நீளமான ஹோஸ், கையருகே கேஜும் மூடும் வால்வும் இருக்க வேண்டும். ரிங்குக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கூண்டில் சாயவும் கூடாது.

சம்மட்டியாலும் உயிர் போகும். 40 பிஎஸ்ஐ ஏறியபின் ரிங் ஓரிடத்தில் தூக்கியிருப்பது தெரியும், ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். தட்டாதீர்கள். காற்றை முழுதும் இறக்கி, மறுபடி பூட்டுங்கள். ரிங்கைத் தரைப்பக்கம் கவிழ்த்துக் காற்று பிடிக்கும் பழக்கமும் காப்பாற்றாது. சக்கரமே மேலே எகிறும்.

வண்டியிலேயே காற்றுக் கூட்டுவதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.177 ஓர் எல்லை வைத்திருக்கிறது: இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ வைத்து ஓடிய டயரைக் கழற்றிப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. 100 பிஎஸ்ஐ டயர் 75 காட்டினால் ஜாக்கியை எடுங்கள்.