கர்ணனுக்காக இரங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாபாரதத்தில் தமிழர் மனத்துக்கு மிக நெருக்கமானவன் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் கர்ணனையே சொல்வார்கள். பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்டதும், தேரோட்டி வீட்டில் வளர்ந்ததும், குலத்தைச் சொல்லி அரங்கத்தில் அவமதிக்கப்பட்டதும், கேட்டவர்க்கு இல்லையென்னாமல் கொடுத்ததும் அவனை நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டன. வில்லிபுத்தூரார் பாரதமும், தெருக்கூத்தின் கர்ண மோட்சமும், பி.ஆர்.பந்துலுவின் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து 1964-இல் வந்த ‘கர்ணன்’ படமும் இந்த அன்பைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. அந்தப் படம் 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானபோதும் திரையரங்குகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

இந்த அன்பில் பிழையேதும் இல்லை. பிறரைப் புண்படுத்திய ஒருவனுக்காக வாசகரை அழவைப்பது இலக்கியத்தின் பழைய வேலைகளுள் ஒன்று. ஆனால் கர்ணனை மையமாக வைத்து இன்று எழுதப்படும் கதைகளிலும், ரசிகர்கள் தாங்களே எழுதி வெளியிடும் ரசிகர் புனைவுகளிலும், அவனுக்காக நடக்கும் வாதங்களிலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கர்ணனைப் போல இரக்கத்துக்கும் கண்டனத்துக்கும் ஒருங்கே உரிய எந்தப் பாத்திரத்தை எழுதுபவருக்கும் இதே தவறுகள் நேரக்கூடும்.

முதல் தவறு, செயலையே மறைத்துவிடுவது. சூதாட்ட சபையில் திரௌபதியின் துகிலைப் பற்றியவன் துச்சாதனன் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் செய்யும்படி அவனிடம் சொன்னவன் கர்ணன் என்பது பலருக்குத் தெரியாது. வியாச பாரதத்தின் சபா பருவத்தில், ஐவரை மணந்தவள் கற்புடையவள் அல்லள் என்றும், அவளை எந்தக் கோலத்தில் சபைக்கு இழுத்து வந்தாலும் வியப்பில்லை என்றும் கர்ணன் பேசுகிறான். பாண்டவர்களின் ஆடைகளையும் திரௌபதியின் ஆடையையும் களையும்படி துச்சாதனனுக்குக் கூறுகிறான். பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் இதை மழுப்பவில்லை. சேலையைக் களையச் சொல்லும் வார்த்தை அங்கும் கர்ணன் வாயிலிருந்துதான் வருகிறது. கர்ணனைக் கதைத்தலைவனாகக் கொண்டு எழுதுவோர் பலர் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள், அல்லது அவனைத் தலைகுனிந்து மௌனமாக அமரவைத்துவிடுகிறார்கள். இதனால் கர்ணனுக்கு நன்மை எதுவும் விளைவதில்லை. உத்தியோக பருவத்தில் கண்ணனோடு தனித்துப் பேசும் கர்ணன், துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவர்களிடம் தான் கூறிய கடுஞ்சொற்களை நினைத்து வருந்துவதாகச் சொல்கிறான். சபையில் அவன் எதுவும் பேசாதவனாக இருந்தால் இந்த வருத்தம் எதற்கு? குற்றத்தை நீக்கியவர், அந்த மனிதனின் மனச்சாட்சி விழித்த இடத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகிறார்.

அடுத்தது, காரணத்தைக் காட்டி விடுதலை வாங்கித் தருவது. ‘திரௌபதி சுயம்வரத்தில் அவனைச் சூதபுத்திரன் என்று சொல்லி அவமதித்தாள், அந்தக் காயம்தான் சபையில் அப்படிப் பேசவைத்தது’ என்பது கர்ணன் ரசிகர்களின் முதன்மையான வாதம். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. புணேயின் பண்டார்கர் நிறுவனம் பல நூறு சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் நிறைவுசெய்த மகாபாரதச் செம்பதிப்பின் மூலபாடத்தில், சூதனை மணக்கமாட்டேன் என்று திரௌபதி மறுக்கும் இடம் கிடையாது. சில சுவடிகளில் மட்டும் காணப்படுவதால் பதிப்பாசிரியர்கள் அதை மூலபாடத்தில் சேர்க்கவில்லை. இது முதல் சிக்கல். பிற்கால மரபும் மரபுதான், அதை வைத்து எழுத எவருக்கும் உரிமை உண்டு என்பதால், இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இரண்டாவது சிக்கலே முக்கியமானது. அவள் உண்மையிலேயே மறுத்தாள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பெண் ஒருவனை மணக்க மறுத்ததற்கும் அவளைச் சபை நடுவே ஆடை களையச் சொல்வதற்கும் இடையே எந்த நிறையும் சமமாகாது. ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை விளக்குவது எழுத்தாளரின் கடமை. அந்த விளக்கம், செய்தது சரிதான் என்ற தீர்ப்பாக வழுக்கி விழும் இடத்தைக் கவனித்து நிறுத்துவதும் அவருடைய கடமைதான்.

மூன்றாவது தவறு இன்னும் நுட்பமானது. ஓரிடத்தில் காட்டிய பெருந்தன்மையைக் கொண்டு வேறோரிடத்தில் செய்த தீங்கை ஈடுகட்டுவது இது. கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்தவன், சாகும் நேரத்தில் தன் புண்ணியத்தையே தாரைவார்த்தவன், இனிப் பிறவி உண்டானாலும் இரப்பவர்க்கு இல்லையென்று சொல்லாத இதயம் வேண்டும் என்று வரம் கேட்டவன். இவற்றுள் புண்ணிய தானமும் இந்த வரமும் வில்லிபுத்தூரார் நமக்குக் கொடுத்த கர்ணன். வியாசரிடம் இவை இல்லை. தமிழ்க் கவிதையின் உயர்ந்த இடங்களுள் ஒன்று அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடை எதுவும் திரௌபதிக்குப் போய்ச் சேரவில்லை. அந்தணனுக்கு அளித்த குண்டலம் அவளுடைய அவமானத்துக்கு ஈடு ஆகாது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஸ்னேப் என்ற ஆசிரியருக்காக நடக்கும் வாதங்களிலும் இதையே காணலாம். ஹாரியின் தாய் லில்லி மீது அவர் கொண்ட காதலின் ஆழத்தைச் சொல்லி அவரைப் போற்றுவோர், வகுப்பறையில் அவரிடம் சிக்கிய நெவில் என்ற சிறுவனின் ஆகப்பெரிய அச்சம் உருவெடுக்கும்போது அது ஸ்னேப்பின் உருவமாகவே இருந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

வில்லி பாரதத்தின் ‘எடுக்கவோ கோக்கவோ’ நிகழ்ச்சியை எழுதுவோர் இங்கே சற்று நின்று யோசிக்கலாம். துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் கர்ணன் முன்னிலையில் சிதறுகின்றன. அதைக் கண்ட துரியோதனன் சிறிதும் ஐயுறாமல், எடுக்கட்டுமா, கோக்கட்டுமா என்று மட்டும் கேட்கிறான். நண்பர் தினத்துக்கு ஆண்டுதோறும் சுற்றிவரும் கதை இது. தன் மனைவியின் ஆடையணி குலைந்த நிலையில் இவ்வளவு நாகரிகம் காட்டத் தெரிந்தவனும், அந்த நாகரிகத்தைக் கண்டு உயிரையே கொடுக்கத் துணிந்தவனும்தான், மற்றொருவர் மனைவியின் ஆடையைப் பற்றிச் சபையில் அப்படி நடந்துகொண்டார்கள். இரண்டு காட்சிகளையும் ஒரே கதையில் அருகருகே வைத்தால் நட்பின் அழகும் அந்த அழகின் எல்லையும் ஒருசேரத் தெரியும். நான் படித்த மறுகூறல்களில் பெரும்பாலானவை முதற்காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கதையின் கூர்மையான பகுதியை எழுத்தாளரே வீணாக்கிவிடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை எல்லாப் பூட்டுக்கும் சாவியாகப் பயன்படுத்துவதும் தவிர்க்க வேண்டியதே. உண்ட சோற்றுக்கு நன்றியாகப் போர்க்களத்தில் துரியோதனன் பக்கம் நின்றதை அந்தச் சொல் விளக்கும். சபையில் பேசியதை விளக்காது. ஏனென்றால் அதே சபையில், துரியோதனனின் உடன்பிறந்த தம்பியான விகர்ணன் எழுந்து, திரௌபதியைப் பணயம் வைத்தது செல்லாது என்று பேசினான். அவனை அடக்கி உட்காரவைத்தவன் கர்ணன். விகர்ணனும் பின்னாளில் அண்ணனுக்காகவே போரிட்டு மாண்டான். விசுவாசமும் எதிர்ப்பும் ஒரு மனிதனிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்குக் கதைக்குள்ளேயே சான்று இருக்கிறது. கம்பனின் கும்பகருணன் இன்னொரு சான்று. போர் மூண்டுவிட்டது என்று அறிந்ததும், சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்று இராவணனிடமே கேட்கிறான்; அவளை விட்டுவிடச் சொல்கிறான்; கேளாதபோது களத்துக்குச் செல்கிறான்; அங்கே தன்னை அழைக்க வந்த தம்பி வீடணனிடம், வளர்த்தவனுக்கு உயிர் கொடுக்காமல் போகமாட்டேன் என்கிறான். தவறான பக்கம் நின்ற நல்லவனை எழுத விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. கும்பகருணனுக்கும் கர்ணனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் இருவரையும் ஒரே அச்சில் வார்ப்பது இருவருக்குமே அநீதி.

தனக்குப் பிடித்த பாத்திரத்தைக் காப்பாற்றுவதற்காகப் பாதிக்கப்பட்டவர் மீதே பழியைத் திருப்புவது, இந்த வரிசையில் மிக அதிகமான கேடு விளைவிக்கும் தவறு. ‘குருடன் மகன் குருடன்’ என்று திரௌபதி சொல்லிச் சிரித்ததால்தான் பாரதப் போரே வந்தது என்று எத்தனை பேர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வியாசரின் சபா பருவத்தில் அந்த வசனமே இல்லை. பாண்டவர்களின் மாளிகை நீரில் துரியோதனன் விழுந்தபோது சிரித்தவர்களாகக் கதைசொல்லி குறிப்பிடுவது பீமனையும் பிறரையும்தான். திரௌபதி சிரித்தாள் என்பது துரியோதனன் பின்னர்த் தந்தையிடம் முறையிடும்போது சொல்வது. புண்பட்ட பெருமையோடு பேசும் ஒருவனின் வாய்மொழி, ரசிகர்களின் கையில் நடந்த வரலாறாகிவிட்டது. ஒரு பாத்திரத்தின் கண்வழியே கதை சொல்லும் எழுத்தாளர் இங்கே மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டும். கர்ணனின் கண்ணுக்குத் திரௌபதி செருக்குடையவளாகத் தெரியலாம். ஆனால் அவனுக்குத் தெரியாததும் வாசகருக்குத் தெரியும்படி ஏதாவதொரு சாளரத்தைக் கதை திறந்து வைத்திருக்க வேண்டும். சபையில் அவள் எழுப்பிய சட்டக் கேள்வி, தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு உரிமை உண்டா என்பது, அப்படிப்பட்ட ஒரு சாளரம். பீஷ்மராலேயே விடை சொல்ல முடியாத கேள்வி அது.

இந்தத் தவறு கதைக்குள்ளேயே நின்றுவிடுவதும் இல்லை. ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கிப் படிப்படியாகக் கொலைகாரராகிறார். பார்வையாளர்கள் அவரோடு அவ்வளவு ஒன்றிப்போனார்கள். அவரை எதிர்த்துக் கேள்வி கேட்ட மனைவியின் பாத்திரத்தை வெறுக்கத் தொடங்கினார்கள். அந்த வெறுப்பு அப்பாத்திரத்தில் நடித்த அன்னா கன் மீதே திரும்பியது. அதைப் பற்றி அவர் 2013-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையே எழுத நேர்ந்தது.

மன்னிப்பை அவசரப்படுத்துவது அடுத்து வருவது. கர்ணன் இறந்தான், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று கதையை முடிப்பது எளிது. வியாசர் அப்படி முடிக்கவில்லை. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த நிலையில் கர்ணன் தருமத்தைச் சொல்லி அவகாசம் கேட்கும்போது, திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த நாளிலும், அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்ற நாளிலும் அந்தத் தருமம் எங்கே போயிருந்தது என்று கண்ணன் கேட்கிறான். கர்ணன் வெட்கித் தலைகுனிகிறான், பதில் சொல்லவில்லை. போருக்குப் பின், அவன் தன் அண்ணன் என்று அறிந்து கதறும் தருமன்கூட, அந்தச் சபையின் கடுஞ்சொற்களைச் சொல்லித்தான் அழுகிறான்: அவன் பேசியதைக் கேட்டுக் கோபம் மூண்டபோது, தாயின் பாதங்களைப் போன்ற அவன் பாதங்களைக் கண்டதும் கோபம் தணிந்ததாம். துக்கமும் நினைவும் ஒரே பேச்சில் இருக்கின்றன. புதிதாக எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடைவெளி ஒன்றும் மூலத்திலேயே உள்ளது. கர்ணன் கண்ணனிடம் வருந்தும்போது பாண்டவர்களிடம் பேசியதைத்தான் சொல்கிறான். திரௌபதியின் பெயரை எடுக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு நல்ல சிறுகதையே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கர்ணனின் சடலத்தருகே திரௌபதி வந்து கண்ணீரோடு மன்னிக்கும் காட்சியை எழுதுவோர், அவளைக் கர்ணனின் மீட்சிக்கான கருவியாகத் தாழ்த்திவிடுகிறார்கள். அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். இரண்டுக்கும் அவளுக்கென்று ஒரு காரணம் கதையில் இருந்தாக வேண்டும். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அசைவூட்டத் தொடரில், துரோகம் செய்துவிட்டுத் திருந்தி வரும் ஸூகோவை மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும் கட்டாரா என்ற பெண் எளிதில் ஏற்பதில்லை. சிறுவர்களுக்கான தொடர் அது. நம் பெரியவர் கதைகளில் பலவற்றுக்கு இல்லாத பொறுமை அதற்கு இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கத் தவறு. கர்ணனின் குற்றங்களைக் கண்டுகொண்டவர்கள் சிலர், அவனுடைய துயரமே நடிப்பு என்று சொல்லும் எல்லைக்குப் போய்விடுகிறார்கள். அரங்கேற்ற நாளில் கிருபர் அவன் குலத்தைக் கேட்டதும், வளர்த்த தந்தை அதிரதன் வந்து நின்றதைப் பார்த்துப் பீமன், உனக்கு ஏற்றது சாட்டைதான் என்று ஏளனம் செய்ததும் உண்மையான கொடுமைகள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை அறிந்த வாசகர்கள் கர்ணனிடம் தங்களைக் காண்பது இயல்பு. அவர்களிடம் போய், நீங்கள் துகிலுரிதலை ஆதரிப்பவர்கள் என்று குற்றஞ்சாட்டுவது வாசிப்பின் அடிப்படையையே அறியாத செயல். ஒரு பாத்திரத்தை நேசிப்பது அதன் செயல்களுக்குக் கையெழுத்திடுவது ஆகாது. அந்த நேசத்தின் பெயரால் இன்னொரு பாத்திரத்தை இழிவுபடுத்தும்போதுதான் கேள்வி எழுப்ப வேண்டும். அப்போதும் அவர் எழுதியதைப் பற்றித்தான் பேச வேண்டும், அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அல்ல.

ரசிகர் புனைவுத் தளங்களில், வன்முறையும் பாலியல் கொடுமையும் வரும் கதைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கைக் குறிச்சொல் இடும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம்தான். எதைப் படிக்கப் போகிறோம் என்று அறிந்து முடிவெடுக்க அது வாசகருக்கு உதவுகிறது. ஆனால் சிலர் அந்தக் குறிச்சொல்லை இட்டுவிட்டதால் கதைக்குள் எதையும் எப்படியும் எழுதலாம் என்று எண்ணுகிறார்கள். வேறு சிலர் குறிச்சொல் இருப்பதையே எழுத்தாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். சபைக் காட்சியை எழுதியவர் குறிச்சொல்லோடு நின்றுவிடாமல், அந்தச் சபையில் திரௌபதிக்கு எத்தனை வரிகள் கொடுத்தோம், கர்ணனுக்கு எத்தனை வரிகள் கொடுத்தோம் என்று வெளியிடும் முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.