காட்டுக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? கதாநாயகன் கையைப் பார்க்காதீர்கள்

தப்பிப் பிழைக்கும் கதை ஒன்றைப் படித்துவிட்டு "அண்ணே, எந்தக் கத்தி வாங்கலாம்?" என்று கேட்டு வரும் தம்பிகளுக்கு என் முதல் பதில், அந்தக் கதாநாயகன் வைத்திருப்பதை மட்டும் வாங்காதே என்பதுதான். அது எப்படியும் முழ நீளத்தில் இருக்கும், முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைக்க ஒரு பொந்து. பொந்து இருந்தால் அலகின் இரும்பு பிடிக்குள் ஆழமாக இறங்காது, நாலு கட்டை பிளப்பதற்குள் ஆட்டம் கொடுத்துவிடும். ரம்பப் பல்லோ ஈர மரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும்.

எல்லாக் கதையும் அப்படியில்லை. 1719இல் வந்த ராபின்சன் குரூசோ நாவலில், ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்ட குரூசோ, கோடரிகள் மழுங்கிப்போனதும் சாணைக்கல்லைக் காலால் சுழற்ற ஒரு சக்கரமும் கயிறும் செய்வதற்கு மண்டையை உடைத்துக்கொள்வான். தீட்டுவதைப் பற்றிக் கவலைப்படுகிற கதையை நம்பலாம் என்பது என் கட்சி.

போர் நினைவுக் குறிப்புகளுக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு: தண்ணீர், கால் புண், வயிற்றுப்போக்கு, துரு பற்றி எழுதியிருக்கிறாரா? பசிபிக் கடலின் பெலிலியு தீவில் 1944இல் சண்டையிட்ட அமெரிக்க மரைன் வீரர் யூஜின் ஸ்லெட்ஜ், சரியாகக் கழுவாத எண்ணெய்ப் பீப்பாயில் வந்த குடிதண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மாதிரி ஆளை நம்பிப் படிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கத்திக்குத்து என்றால் நான் மூடி வைத்துவிடுவேன். காலாட்படையில் என் கத்தி செய்ததெல்லாம் கயிறு அறுத்ததும், டப்பா திறந்ததும், கூடார முளை சீவியதும்தான்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். அலகு நாலிலிருந்து ஐந்து அங்குலம், கனம் மூன்று அல்லது நாலு மில்லிமீட்டர், இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும். முதுகு விளிம்பு மழுங்காமல் சதுரமாக இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தீ மூட்டுகிற தீப்பொறிக் கம்பியை உரச அந்த விளிம்புதான் வேண்டும். பெரிய கிளை வெட்ட அரிவாள் இருக்கிறது, அந்த வேலையைக் கத்தியின் தலையில் கட்டாதீர்கள். கடலோரமோ மழைக்காடோ என்றால் ஸ்டெயின்லெஸ் போதும். கார்பன் ஸ்டீல் தீட்டச் சுலபம், ஆனால் ஒரு ராத்திரி ஈரத்திலேயே துருப் புள்ளி வைத்துவிடும்.

தீட்டுவதைக் கட்டாயம் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். மோட்டார் சாணையில் கொடுத்தால் சூட்டில் கூர் ஓரம் நீலம் பாய்ந்து பதம் போய்விடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று சொரசொரப்பு எண் (எண் கூடினால் கல் நைசு) உள்ள ஒரு கல் போதும், நனைத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 22 பாகை, அந்தச் சாய்வு போதும். கூர்ப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு நாலு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது, கூர் ஓரத்தில் மை அப்படியே இருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து கூர்ப் பக்கமாகக் குறுக்கே மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று தெரியும் (கூரின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள், தையல் போட வேண்டிவரும்). நுனிவரை பிசிறு வந்தபிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும், பாதியில் மாற்றுவதால்தான் பலருக்கும் கூர் வருவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் கூர் பின்னால் வரும்படி இழுத்து, செய்தித்தாளை அறுத்துப் பாருங்கள்.

வீட்டில் தோல் உறைக்குள் போட்டு வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து அலகைத் துருப்பிடிக்க வைக்கும். துடைத்து, லேசாக எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள்.

உட்கார்ந்து சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துச் சீவவே கூடாது. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அது அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச்சேர நேரம் இருக்காது. முழங்காலுக்கு வெளியே, உடம்பைவிட்டு விலகிப் போகிறமாதிரி சீவுங்கள். கத்தியைக் குச்சியில் கட்டி ஈட்டி செய்கிற வித்தையும் வேண்டாம், முதல் வீச்சில் புதருக்குள் போனால் இருந்த ஒரே கத்தியும் போச்சு. ஈட்டிதான் வேண்டுமென்றால் குச்சியையே கூராகச் சீவிக்கொள்ளுங்கள்.