கடலைக்கொடி, பருப்புப் பொட்டு, திப்பி: முயல் தீவனமா மாத்துறது எப்படி

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், மாட்டுக்கு பண்ற யூரியா வைக்கோலை முயலுக்கு பண்ணாதீங்க. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைச்சு தெளிச்சு மூடி வெக்கறது அசைபோடுற ஜீவனுக்கு, அதோட முதல் வயித்துல இருக்கற நுண்ணுயிர் யூரியாவை புரதமா மாத்திக்கும். முயலுக்கு அந்த நுண்ணுயிர் இருக்கறதே குடலோட கடைசிப் பக்கத்துல, யூரியா அதுக்கு முன்னாடியே ரத்தத்துல கலந்துடும், ஜாஸ்தியானா விஷம்தான். வைக்கோலும் சோளத்தட்டும் என்ன பண்ணாலும் முயலுக்கு பெருசா சத்து ஆகாது. அதுங்களுக்கு நார் கண்டிப்பா வேணும், ஆனா அது குடல் ஓடுறதுக்கு, சதை பிடிக்கறதுக்கு இல்ல. அதனால இலை உள்ள கழிவா பாத்து எடுங்க.

நம்மூர்ல அதுக்கு முதல் மார்க் கடலைக்கொடிக்குதான். நல்லா காய வெச்ச கொடியில 10, 12 சதவீதம் புரதம் இருக்கும், ஆனா அது பெரும்பாலும் இலையில, தண்டுல கம்மிதான். கடலை பறிச்சதும் கொடியை குவிச்சு போட்டா உள்ள சூடேறி பூசணம் பிடிக்கும், மண்ணை உதறிட்டு தார்ப்பாய்ல மெல்லிசா பரப்பி விடுங்க, தார்ப்பாய் எதுக்குன்னா உதிர்ற இலையை கூட்டி அள்ளிக்கலாம். திருப்பி விடறதை காலையில ஈரப்பதம் இருக்கும்போது பண்ணுங்க, மத்தியான வெயில்ல தொட்டா இலை எல்லாம் தூளாயிடும். கருப்பு தட்டினது, முடை நாத்தம் அடிக்கறது எதுவா இருந்தாலும் தூக்கி எருக்குழியில போடுங்க, பூசணத்துல வர்ற அஃப்ளாடாக்சின்ங்கற விஷத்தை முயல் சுத்தமா தாங்காது, ஈரல் போயிடும், வேக வெச்சாலும் காய வெச்சாலும் அது போகாது. புண்ணாக்குக்கும் இதே கதைதான், பழசு விலை கம்மியா கிடைக்குதுன்னு வாங்காதீங்க.

காஞ்சதை அரைக்கும்போது மாவாக்கிடாதீங்க! ரொம்ப நைசா இருந்தா குடல்ல தேங்கி கழிச்சல் வரும், தூசு மூக்குல ஏறி தும்மிட்டே இருக்கும். கொரகொரன்னு ரவை மாதிரி இருந்தா போதும்.

100 கிலோவுக்கு கணக்கு: கொடித்தூள் 40, கோதுமை தவிடு 20, மக்காச்சோளம் 15, கடலைப் புண்ணாக்கு 15, உளுந்துப் பொட்டு இல்லன்னா கொண்டைக்கடலைப் பொட்டு (பருப்பு உடைக்கும்போது வர்ற தோலும் தூளும்) 8, தாது உப்பு ஒன்றரை, சாதா உப்பு அரை. புரதம் 16 சதவீதம் கிட்ட வரும், நாரும் அதே அளவுக்கு வரும். கொஞ்சம் வெல்லப்பாகு தண்ணி தெளிச்சு பிசைஞ்சு பெல்லட் (குச்சித் தீவனம்) மெஷின்ல 4 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள தட்டு போட்டு எடுங்க, மெஷின் இல்லன்னா பக்கத்துல தீவனம் அரைக்கற ஆளுகிட்ட கூலிக்கு குடுத்துடலாம். ஒடிச்சா படக்குன்னு உடையற வரைக்கும் காய வெச்சுதான் மூட்டை கட்டணும். பெரிய முயலுக்கு ஒரு நாளைக்கு 100லருந்து 150 கிராம், கூட பசுந்தீவனமும் தண்ணியும்.

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு சேகோ ஃபேக்டரி திப்பி, அதாவது ஜவ்வரிசிக்கு மரவள்ளிக்கிழங்கை அரைச்சு பால் எடுத்த சக்கை, சல்லிசா கிடைக்கும். அதுல பெரும்பாலும் மாவுதான், புரதம் பேருக்குதான் இருக்கும், அதனால மக்காச்சோளத்துல ஒரு பங்கை குறைச்சு அந்த இடத்துல போடலாம், கொடிக்கு பதிலா போடக்கூடாது. ஈரத் திப்பி சீக்கிரமே புளிச்சிடும், கொண்டு வந்த அன்னைக்கே பரப்பிடுங்க. மரவள்ளி இலையும் தோலும் பச்சையா போடவே போடாதீங்க, சயனைடு. பொடியா நறுக்கி மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் வெயில்ல காய வெச்சா பெரும்பாலும் போயிடும், அப்பவும் கலவையில பத்துல ஒரு பங்குக்கு மேல எனக்கு மனசு வராது.

முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை எல்லாம் ஒரு நாள் வாட விட்டு கொஞ்சமா குடுங்க, அவ்ளோதான்.

புது தீவனத்துக்கு மாத்தும்போது பழசோட கலந்து பத்து நாள்ல மெதுவா மாத்துங்க. புழுக்கை உருண்டையா காஞ்சு இருக்கான்னு தினம் கூண்டுக்கு அடியில இருக்கற தட்டுல பாருங்க, இளகலா தெரிஞ்சா அன்னைக்கு பெல்லட்டை நிறுத்திட்டு வெறும் காஞ்ச கொடி மட்டும். தாய்கிட்டருந்து பிரிச்ச குட்டிக்கு அந்த வாரம் எதையும் மாத்தவே மாத்தாதீங்க.