பேப்பர் கட்டிங் தீர்ப்பாகாது

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்கள் சிட்டா, அடங்கலோடு இப்போதெல்லாம் இன்னொன்றும் கொண்டுவருகிறார்கள்: "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று ஒரு பேப்பர் கட்டிங், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரி.

அரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்த கட்டிங், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்த செய்தி. "இதையே போட்டு எழுதுங்கண்ணா, நெலத்தை யாரும் தொட முடியாது" என்றார்.

அது 2019 ஏப்ரல் 8-இல் வந்த தீர்ப்பு. மேல்முறையீட்டில் என்ன ஆனது என்று பார்க்காமல் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றிவிட்டது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 3ஏ பிரிவில் விட்ட அறிவிக்கை செல்லும், அந்தக் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருந்தாக வேண்டியதில்லை என்றது.

சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்போ எல்லாம் போச்சா?"

அதுவும் தவறு. அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. 3ஏ என்பது நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்வது மட்டும். 3டி அறிவிக்கை வந்தால்தான் நிலம் அரசைச் சேரும். அதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது செல்லாது, உடையவர் பெயருக்கே திருப்ப வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'நில எடுப்பை ரத்து செய்க' என்று எழுதியிருந்தால் அந்த மனு குப்பைக்குப் போயிருக்கும். 'பதிவேட்டைத் திருத்துக' என்று எழுதினோம். அதற்குத் தாசில்தார் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, 'சொத்துரிமை என் அடிப்படை உரிமை' என்ற வரி. படித்தவர்களே இதைத்தான் போடச் சொல்கிறார்கள். 1978-இல் வந்த அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்துவிட்டது. அதனால் பிரிவு 32-ஐக் காட்டி நேரே டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 226-இன்கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகலாம். அதற்காக 300ஏ பல்லில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் அதற்குள் ஏழு உரிமைகளைப் பிரித்துக் காட்டியது. முன்னறிவிப்பு, ஆட்சேபணையைக் கேட்பது, காரணம் காட்டிய முடிவு, நியாயமான இழப்பீடு எல்லாம் அதில் வரும். எந்தப் படியை அதிகாரி தாண்டினார் என்று எழுதுங்கள், 'அராஜகம்' என்று பத்து முறை எழுதுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

விசாரணையின்போது நீதிபதி கேட்ட காரமான கேள்வியைத் தீர்ப்பென்று மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. டிவிக்கு அது தலைப்பு. உத்தரவில் இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக, "ஆபீசர் கவர்மென்ட் டூட்டியில செஞ்சாரு, கேஸ் நிக்காது" என்ற நினைப்பு. இதை அரூர் தாலுகாவிலேயே கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-இல் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து பழங்குடி மக்களைத் தாக்கிய வாச்சாத்தி கிராமம் இதே தாலுகாதான். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சரி, அந்த அதிகாரி பேரு, பதவி, வந்த தேதி சொல்லுங்க" என்று பேனாவை எடுப்பேன். பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "பேரெல்லாம் எதுக்குண்ணா, 'சம்பந்தப்பட்ட அதிகாரி'ன்னு போட்டுடுங்க" என்கிறார்கள்.