நன்கொடைக் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களை ஆபீஸ்களில் கழித்துவிடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வழியாக அவற்றில் சில, குமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்நகர் பக்கத்து வாசகசாலைகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றைச் சரிபார்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. "எது அக்கா ரொம்ப லேசு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: "ராம் (தற்காலிக நினைவகம்) எவ்வளவு உண்டு? நாளைக்கு ஒண்ணு கேடாச்சுன்னா பாக்கதுக்கு ஆளு உண்டா?"

லினக்ஸைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டியைத் திறந்துவிடுங்கள். முட்டம், குளச்சல், தூத்தூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ராமின் முனைகளைக் கறுக்கவைத்துவிடும். திரையே வராமல் 'பீப் பீப்' என்று கத்தும் மெஷினைச் செத்துப்போனதாக நினைத்து ஆக்கருக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அந்தப் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளைப் பிரஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். பல மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும்.

அப்படியே மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டும். பலர் இதை நெட் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் பழைய சொந்தக்காரரின் கோப்புகள் இருந்தால் எட்டிப் பார்க்காமல் முழுவதுமாக அழித்துவிடுங்கள். நம்பித் தந்தவர்களுக்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை அது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி., சிறியதாக ஒன்று வாங்குங்கள். எந்த லேசான லினக்ஸும் தராத வேகத்தை அது தரும்.

இப்போது தேர்வுக்கு வருவோம். 4 ஜிபி ராமும் 64 பிட் பிராசசரும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் லேசான எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் போடுங்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு. விண்டோஸில் பழகியவர்கள் கை தானாக அங்கே போகும். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி இடமும்தான். ஆனால் 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி என்று அவர்களே சொல்கிறார்கள். அது சரியான பேச்சு. 22-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. வருடாவருடம் மாற்றிப் போட ஆள் கிடைக்காத ஊருக்கு இதுதான் பெரிய விஷயம்.

2 ஜிபி மட்டும் இருந்தால் முதலில் இன்னொரு 2 ஜிபி தேடுங்கள். பழைய டிடிஆர்3 ராம் ரிப்பேர் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கிடைக்கவே இல்லையென்றால் இன்னும் லேசான லுபுண்டு. அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 3 வருட ஆதரவுதான். அதற்கும் கீழே என்றால் ஆன்டிஎக்ஸ் இருக்கிறது. மிக மிக லேசு, ஆனால் புதியவருக்கு அதன் மெனுக்கள் திகைப்பைத் தரும். கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

32 பிட் மெஷின்களை நெட் பார்க்கக் கொடுக்காதீர்கள். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. பல லினக்ஸ்களுக்கு அடிப்படையான டெபியனின் 13-ஆம் பதிப்புக்கு 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. டைப்பிங் பழகவும், சின்னப் பிள்ளைகள் ஜிகாம்பிரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பை விளையாடவும் அவை போதும்.

நான் முதலில் ராமைக் கேட்பது ஏனென்றால், அதைத் தின்பது பெரும்பாலும் லினக்ஸ் அல்ல, பிரவுசர்தான். எவ்வளவு லேசான சிஸ்டம் போட்டாலும் யூடியூப் திறந்து கூடவே நாலைந்து டேப் வைத்தால் 2 ஜிபி மெஷின் திணறும். பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் சேர்த்துவிடுங்கள்; விளம்பரங்கள் போனாலே பாரம் குறையும்.

ஒரு இடத்தில் ஐந்து மெஷின் இருந்தால் ஐந்திலும் ஒரே சிஸ்டம் இருக்கட்டும். ஒன்றில் கற்றதைப் பிள்ளைகள் அடுத்ததில் தேட வேண்டியிருக்கக் கூடாது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

தமிழ் தட்டச்சை நீங்களே போட்டுக் கொடுங்கள். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, உள்ளீட்டு முறைகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். எல்லையோரம் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் வருவதாக இருந்தால் மலையாளமும் சேருங்கள். அவர்கள் பள்ளியில் உபுண்டு வழிவந்த கைட் லினக்ஸ் பார்த்திருப்பார்கள், தயங்கமாட்டார்கள்.

பொது இடம் என்பதால் லாகின் விண்டோ அமைப்பில் பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழையும் கெஸ்ட் செஷனை இயக்கிவிடுங்கள். மகளிர் குழு அக்கா ஒருவர் வந்து மெயிலைத் திறந்து, பேங்க் ஸ்டேட்மென்டை டவுன்லோடு செய்துவிட்டுப் போனாலும், லாகவுட் ஆனதும் எல்லாம் அழிந்துவிடும். அடுத்து உட்காரும் பையனுக்கு ஒன்றும் தெரியாது. குழுக் கணக்கை லிப்ரே ஆபீஸில் எழுதுபவருக்கு மட்டும் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு.

கடைசியாக டைம்ஷிப்ட் என்ற மென்பொருளில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல், எடுத்துவையுங்கள். பதிப்பின் பெயர், ஆதரவு முடியும் வருடம், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும் வழி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். நிர்வாகிப் பாஸ்வேர்டு மட்டும் அந்தத் தாளில் வேண்டாம். அது வாசகசாலைச் செயலாளரிடம் இருக்கட்டும்.