பக்கவாதம்: தைலம் தேய்ப்பதற்கு முன்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை கால் வராமல் போனால் வீட்டில் முதலில் தேடப்படுவது தைலப் பாட்டில். அதற்குள் ஒருவர் சூடாகக் காபி கொண்டுவருவார். இன்னொருவர் புறா ரத்தம் தடவச் சொல்வார். எல்லாருடைய கண்ணும் கை கால் மேலேயே இருக்கும். நோய் அங்கே இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது. இதை மறப்பதால் முதல் மணி நேரத்தில் தொடங்கும் தவறு, ஆறு மாதம் கழித்தும் வேறு வேறு உருவத்தில் தொடர்கிறது. வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருவதால் அடிக்கடி கண்ணில் படுவதை எழுதுகிறேன். சில தவறுகள் வீட்டார் செய்வது, சில எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்வது.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, உறைந்த ரத்தக் கட்டியை வெளியே எடுப்பார்கள். அதற்குப் பொதுவாக அறிகுறி தொடங்கி 6 மணி நேரம் வரை அவகாசம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மீதமிருப்பது தெரிந்தால், சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை. சமவெளியில் இருப்பவருக்கு நான்கரை மணி நேரம் தாராளமாகத் தோன்றலாம். கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதே ஒரு வேலை. அங்கிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, ஊட்டியிலிருந்து கோவைக்கு இன்னும் 85 கிலோமீட்டர் போல. சீசனில் பர்லியார் பக்கம் வண்டி நின்றுவிட்டாலோ, ஐப்பசி மழையில் மண் சரிந்தாலோ கேட்கவே வேண்டாம்.

அதனால் மலையில் மிகப் பெரிய தவறு, “பக்கத்துக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம்” என்பதுதான். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லையென்றால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதில் போய் முடியும். பக்கவாதத்தில் பெரும்பான்மை, அதாவது 80 முதல் 85 சதவீதம், அடைப்பால் வருவது, மீதி ரத்தக்கசிவு. எது என்று வெளியிலிருந்து பார்த்து எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பதைக் கேள்விப்பட்டு இதற்கும் கொடுக்கிறார்கள். கசிவாக இருந்தால் அது நிலைமையை இன்னும் கெடுக்கும். 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் போலிருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்கேனும் ஊசியும் இருக்கும் இடம் எது, ஸ்கேன் இப்போது ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எதற்கும் கோவைதான் என்ற பழைய கணக்கோடு கண்ணை மூடிக்கொண்டு மலையிறங்க வேண்டியதில்லை.

நேரத்தைச் சொல்வதிலும் ஒரு தவறு உண்டு. காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தபோது வாய் கோணியிருந்தால் “6 மணிக்கு வந்தது” என்கிறார்கள். மருத்துவர் கேட்பது கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை. ராத்திரி 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 10 மணி என்றுதான் சொல்ல வேண்டும். ஊசி கிடைக்காமல் போய்விடுமோ என்று மாற்றிச் சொல்வது ஆபத்து, ஏனென்றால் நேரம் கடந்து போடும் ஊசி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். தூக்கத்தில் வந்ததையும் எம்.ஆர்.ஐ. பார்த்து முடிவு செய்ய இப்போது வழி இருக்கிறது.

பத்து நிமிடம் பேச்சு குழறி, கை மரத்து, தானாகவே சரியாகிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அடுத்த இரண்டு நாள்தான் முழுத் தாக்குதலுக்கு அதிக வாய்ப்புள்ள நேரம். சரியாகிவிட்டாலும் அன்றே கிளம்ப வேண்டும்.

மருத்துவப் பணியில் இருக்கும் எங்கள் பக்கத் தவறு ஒன்று: ரத்த அழுத்தம் 190 என்று தெரிந்ததும் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து மளமளவென்று இறக்குவது. அடைப்பு இருக்கும்போது, பாதித்த இடத்தைச் சுற்றியுள்ள மூளைப்பகுதிகள் அந்த அழுத்தத்தை நம்பித்தான் உயிரோடிருக்கின்றன. ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220/120-ஐத் தாண்டும்வரை முதல் நாளில் அவசரமாகக் குறைப்பதில்லை. ரத்தக்கசிவுக்குக் கணக்கு வேறு. எப்படியும் அது ஸ்கேனுக்குப் பிறகு எடுக்கும் முடிவு.

இனி அந்தக் காபி. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கும். தண்ணீரும் காபியும் நுரையீரலுக்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது. மூன்றாம் நாள் காய்ச்சலும் சளியும் வந்தால் “ஊட்டிக் குளிர் ஒத்துக்கவில்லை” என்பார்கள். குளிரின் மேல் பழி போட்டே எத்தனையோ நிமோனியாக்கள் தாமதமாகியிருக்கின்றன. விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கும்வரை வாய் வழியாக ஒன்றும் கூடாது, மாத்திரையும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவமனையில் சொன்ன பதத்தில், சின்னச் சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும்.

தைலத்துக்கு வருவோம். மெதுவாகத் தடவினால் கெடுதல் இல்லை, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு காரணமாவது ஆகும். உருவி இழுப்பதுதான் வினை. தோள் மூட்டை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது தசை. தசை தளர்ந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அந்தக் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றுவதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், கப்பியில் கயிறு கட்டித் தலைக்கு மேல் இழுக்கச் சொல்வதும் தோள்வலிக்கு நேர்வழி. கப்பியை இன்னும் சில சிகிச்சை மையங்களிலேயே பார்க்கிறேன். இன்னொன்று, உணர்வு மங்கிய காலுக்கு வெந்நீர்ப் பையோ கரி அடுப்போ வைத்துச் சூடேற்றுவது. கொப்புளம் வரும்வரை அவருக்குத் தெரியாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது யாருக்குமே ஆகாது என்பது தனிக்கதை.

சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்தால் நல்லது என்று நாங்கள் நெடுநாள் நம்பினோம். 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வு 2104 நோயாளிகளைப் பார்த்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிகமாக எழுப்பியவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். ஆக, முதல் நாளில் மிதமாக, அதன் பிறகு விடாமல் என்பதுதான் பாடம். வாரக்கணக்கில் படுக்கையிலேயே போட்டு வைப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்பவர்களும் உண்டு, அதுவும் தவறு.

நம் நாட்டில் நடந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. அட்டெண்ட் என்ற பெயரில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேரின் வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவர் மூலமே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தினார்கள். 2017-ல் முடிவு வந்தது: ஆறாம் மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். வீட்டார் உழைப்பு வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. பயிற்சித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிகிச்சையாளர் கழன்றுகொள்வது போதாது என்றே படிக்கிறேன். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். இது தெரியாமல் வாரம் தவறாமல் டாக்சி பிடித்து இறங்குகிறவர்கள் நிறைய. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

பயிற்சியிலும் மூளையை மறந்து கை காலையே பார்க்கும் அதே பழைய தவறுதான். மற்றவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அவ்வளவுதான். மூளை கற்றுக்கொள்வது நோயாளி தானே முயலும்போது, அதுவும் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது. அமெரிக்க, கனடா மையங்களில் எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில் ஒரு அமர்வில் கையின் பயனுள்ள அசைவு சராசரியாக 32 தான் இருந்தது. இங்கே அதைவிட அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பந்தைப் பிசையச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மூடிக்கொள்ளும் விரலுக்கு மூடப் பழக்கி என்ன லாபம்? பட்டாணி உரிப்பது, பீன்ஸ் ஆய்வது, கொழுந்து பறித்தவர் என்றால் வாசல் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் கூடையில் விடுவது: விரல் பிரிய வேண்டிய வேலையாகக் கொடுங்கள். மூன்று மாதம் போனால் அவ்வளவுதான் என்பதும் சரியில்லை. முன்னேற்றம் வேகமாக இருப்பது அப்போது, ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை.

மலைக்கென்று ஒரு தவறு, ஹாலில் மட்டும் நடக்கப் பழக்குவது. அவர் வாழப்போவது படியிலும் சரிவிலும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில், தடி நல்ல கையில். துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கத்தில், இறக்கத்தில் ஒரு படி கீழே நிற்க வேண்டும். ஆனி ஆடி மழையில் படியில் பாசி பிடித்திருக்கும். முதலில் அதைச் சுரண்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

மருந்தில் காசு போகும் இடமும் போக வேண்டிய இடமும் வேறு. மூளையைத் தேற்றும் என்று நம்பிச் சிட்டிகோலின் மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிக்கிறார்கள். 2012-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. மறுபுறம், கை கால் தேறியதும் விலை மலிவான ஆஸ்பிரினையும் ப்ரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள், “இப்போ நார்மலா இருக்கு” என்று. நார்மலாக இருப்பது மாத்திரை சாப்பிடுவதால். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், சித்திரையில் சரியாக இருந்த அளவு உறைபனி விழும் மார்கழியில் போதாமல் போகலாம். பனி தொடங்கியதும் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.