உள்ளூர் மைதானத்தில் கோல்ஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவியில் ஒரு பெரிய போட்டியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையிலேயே பக்கத்து மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். கையில் இருப்பது ஏறக்குறைய அவர்கள் வைத்திருக்கும் அதே கிளப் (பந்தை அடிக்கும் மட்டை), அதே பந்து. ஆனால் தரை வேறு, புல் வேறு, ஆடுகிற உடம்பும் வேறு. குறைந்த கட்டணத்தில் ஆட முடிகிற சிறிய மைதானங்களில், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை பொழுதுபோக்காக ஆடுகிறவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நம் மைதானம் என்ன கேட்கிறது என்று பார்க்காமல், திரையில் பார்த்ததை ஆட முயல்கிறோம். நான் பல வருடங்களாக ஆடுவதும் இந்த மாதிரி மைதானங்களில்தான். அவற்றுக்கென்று ஒரு ஆட்டம் இருக்கிறது, அது நல்ல ஆட்டம்.

முதல் டீயில் டிரைவர்

முதல் டீயில், அதாவது பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்தில், நிற்கும்போது அடுத்த குழு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கை தானாக டிரைவருக்கு, அதிக தூரம் அடிக்கும் கிளப்புக்கு, போகும். முழு பலத்தோடு ஒரு வீச்சு. பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் மறையும். (வலது கைக்காரர்களைச் சொல்கிறேன்; இடது கைக்காரர்களுக்கு இது அப்படியே திரும்பும்.)

பையில் இருப்பவற்றில் டிரைவர்தான் நீளமானது, அதன் தண்டு சுமார் 45 அங்குலம். பந்தில் படும் முகத்தின் சாய்வோ பெரும்பாலும் 9 முதல் 12 டிகிரிக்குள். சாய்வு குறைந்த கிளப்பில் முகம் கொஞ்சம் திறந்திருந்தாலே பந்து சுழலும் அச்சு நன்றாகச் சாய்ந்துவிடும், பந்து பக்கவாட்டில் ஓடும். 7 அயர்ன் என்ற நடுத்தரத் தூரக் கிளப்பின் சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் பின்சுழல் அதிகம். அதே தவறை அதில் செய்தாலும் பந்து அவ்வளவு விலகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலப்பக்கம் வளைகிறதே என்று இடப்பக்கம் குறிவைத்து நிற்போம். அப்படி நின்றதும் வீச்சு வெளியிலிருந்து உள்ளே இன்னும் அதிகமாகக் குறுக்கே வெட்டும், வளைவும் கூடும். நோய்க்கு எடுத்த மருந்தே நோயை வளர்க்கிற கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய மைதானங்களில் 300 கஜத்துக்குள் முடிகிற பார் 4 குழிகள் (நாலு அடியில் முடிக்க வேண்டியவை) நிறைய உண்டு. உங்கள் 7 அயர்ன் 130 கஜம் போகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடியில் 260 கஜம் போய்விடலாம். மீதி 40 கஜத்தை ஒரு சின்ன அடியில் கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில்) ஏற்றி, இரண்டு பட்டில் (பந்தை உருட்டும் அடியில்) முடித்தால் மொத்தம் 5, அதாவது போகி, பாருக்கு ஒன்று கூட. பார் 72 கொண்ட 18 குழி மைதானத்தில் எல்லாக் குழியிலும் போகி எடுத்தால் 90. நூறுக்குள் வரவேண்டும் என்று வருடக்கணக்காக ஏங்குகிறவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரியது என்று தெரியும். டிரைவரை விட்டுவிடச் சொல்லவில்லை. குழி அகலமாக இருக்கட்டும், வலப்பக்கம் ஆபத்து இல்லாமல் இருக்கட்டும், அப்போது எடுங்கள்.

எந்த டீயிலிருந்து ஆடுவது என்பதிலும் இதே அகலக்கால்தான். 2011-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கமான பிஜிஏ-வும் சேர்ந்து, முன்னால் இருக்கும் டீயிலிருந்து ஆடுங்கள் என்று ஒரு இயக்கமே நடத்தின. கைவசம் வைத்துக்கொள்ள ஒரு எளிய கணக்கு இருக்கிறது: 5 அயர்னில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 140 கஜம் என்றால் 5,040 கஜம். அதுதான் உங்களுக்கு ஏற்ற 18 குழி நீளம். பின் டீயிலிருந்து ஆடினால் மரியாதை கூடும் என்று நினைத்து, நாள் முழுக்கக் கிரீனை எட்டாமலே நடப்பதில் என்ன சுகம் இருக்கிறது?

காய்ந்த தரையில் வெட்ஜ்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கிரீனைச் சுற்றிய இந்தச் சின்ன ஆட்டம்தான். பாதிப் பேர் ஸ்கோரை இழப்பதும் இங்கேதான்.

திரையில் ஆட்டக்காரர் 60 டிகிரி சாய்வுள்ள வெட்ஜ் கிளப்பை விரித்து வைத்து, பந்தை வானத்துக்கு எழுப்பி, கொடியருகே பூப்போல இறக்குகிறார். அவர் பந்துக்குக் கீழே தடிமனான, மிருதுவான புல் இருக்கிறது. நம் மைதானத்தில் கிரீனுக்கு வெளியே புல் அங்கங்கே தேய்ந்து மண் தெரியும், தரை கெட்டியாக இருக்கும். வெட்ஜின் அடிப்பகுதியில் இருக்கும் வளைந்த புடைப்பு மணலிலும் மிருதுவான புல்லிலும் கிளப் புதையாமல் காப்பாற்றுவதற்காக வைத்தது. கெட்டித் தரையில் அதே புடைப்பு மோதி எகிறும். கிளப்பின் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் படும், பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் பறக்கும். பிறகு அங்கிருந்து இதே அடி, திரும்ப இந்தப் பக்கம்.

இந்த இடத்தில் 8 அயர்னை எடுங்கள். பந்தை வலது காலுக்கு அருகே வைத்து, கைகளைப் பந்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, பட் செய்வதுபோல மணிக்கட்டை மடக்காமல் தள்ளுங்கள். பந்து சிறிது தூரம் தாவி, மீதி தூரம் உருளும். கிரீனுக்கு வெளியே தரை ஓரளவு சமமாக இருந்தால், கிரீனில் பந்தை உருட்டும் பட்டரே போதும். இப்படி ஆடுவதை யாராவது கேவலமாகப் பார்த்தால் பார்க்கட்டும். பட்டரால் மோசமாக அடித்த அடி பெரும்பாலும் வெட்ஜால் மோசமாக அடித்ததைவிடக் கொடியருகே நிற்கும்.

அப்புறம் கிரீன். பெரிய போட்டிகளில் கிரீனின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுச் சட்டத்தால் அளப்பார்கள். அதிலிருந்து உருட்டிவிட்ட பந்து சமதரையில் 12 அடிகூட ஓடும். புல்லை அவ்வளவு குட்டையாக வெட்டிப் பராமரிக்க முடியாத கிரீன்களில் பந்து அத்தனை தூரம் போகாது. வேகம் குறைந்த கிரீனில் பந்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும்போது சரிவு பந்தை வளைப்பதும் குறைகிறது. இது தெரியாமல் டிவியில் பார்த்ததுபோல ஒரு முழம் தள்ளிக் குறிவைத்தால் பந்து வளையாமல் அப்படியே போய்விடும், அதுவும் பாதி வழியில் நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்தால் பயிற்சிக் கிரீனில் 30 அடி தூரத்திலிருந்து நாலைந்து பந்து உருட்டிப் பாருங்கள். குழியில் விழவேண்டும் என்பதில்லை, அன்றைய வேகம் கைக்குப் பழகினால் போதும். மூன்று பட் விழுவது பெரும்பாலும் தூரத்தைத் தப்பாகக் கணித்ததால்தான்.

விதி தெரியாமல் ஆடுவது

விதிப் புத்தகத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் 2019-இல் விதிகளில் பெரிய மாற்றம் வந்தது. பலர் இன்னும் பழைய பழக்கத்திலேயே ஆடுகிறார்கள். பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் இருந்தது, இப்போது 3 நிமிடம்தான். விதிப்படி எடுத்த பந்தைத் தரையில் விடுவது முழங்கால் உயரத்திலிருந்து, தோள் உயரத்திலிருந்து விடும் பழக்கம் போய்விட்டது. கிரீனில் கொடியை எடுக்காமலே பட் செய்யலாம், ஷூ தடத்தைச் சரிசெய்யலாம். பங்கரில் (மணல் பள்ளத்தில்) கிடக்கும் சருகையும் கல்லையும் எடுத்துப் போடலாம். பந்துக்குப் பின்னால் கிளப்பை மணலில் ஊன்றுவது மட்டும் இன்றும் கூடாது.

அதிகம் குழப்புவது தொலைந்த பந்து. பந்து தொலைந்திருக்கும் என்றோ மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கட்டைகளைத் தாண்டியிருக்கும் என்றோ சந்தேகம் வந்தால், நடக்கத் தொடங்கும் முன்பே இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். அடிப்பதற்கு முன் 'இது புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து. முதல் பந்து நல்ல இடத்தில் கிடைத்தாலும் அதை ஆட முடியாது. புரொவிஷனல் அடிக்க மறந்துவிட்டால், நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் டீக்குத் திரும்பி நடக்கத் தேவையில்லை. பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதையின்) ஓரத்தில் இரண்டு தண்டனை அடி சேர்த்துக்கொண்டு ஒரு பந்தை விடலாம். இதையும் 2019-இல்தான் உள்ளூர் விதியாக அனுமதித்தார்கள். நம்மைப் போன்றவர்களின் நேரத்தை இந்த அளவுக்குக் காப்பாற்றும் விதி வேறு இல்லை.

புதருக்குள் கிடக்கும் பந்தை வீரம் காட்டி அடிப்பதும் ஒரு தவறு. ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு தண்டனை அடியோடு, குழிக்கு நெருக்கமாகப் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் எடுத்து விடலாம். சிவப்புக் கட்டை வைத்த நீர்நிலை என்றால், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து அதே ஒரு அடி, அதே இரண்டு கிளப் நீளம். மூன்று முறை புதரில் வெட்டி 9 எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஃபேர்வேயில் வெறும் மண்ணில் பந்து கிடந்தால் காலால் லேசாகத் தட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தரை அன்று அவ்வளவு மோசமாக இருந்தால், முதல் டீயிலேயே எல்லாரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: ஃபேர்வேயில் பந்தை எடுத்து, பேசிக்கொண்ட தூரத்துக்குள் வைக்கலாம் என்று. இதற்கென்றே ஒரு உள்ளூர் விதி இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்து செய்தால் அது ஏற்பாடு. யாரும் பார்க்காதபோது செய்தால், கூட ஆடுகிறவர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை போகும்.

மெதுவாக ஆடுவது

மோசமாக ஆடுகிறவரோடு ஆட யாரும் முகம் சுளிப்பதில்லை, மெதுவாக ஆடுகிறவரோடு ஆடத்தான் தயங்குகிறார்கள். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. உங்கள் முறை வருவதற்குள் தூரத்தைப் பார்த்து கிளப்பை எடுத்து வைத்திருங்கள். தயாராக இருப்பவர் முதலில் அடிக்கட்டும். பையை அடுத்த டீ இருக்கும் பக்கமாக வைத்துவிட்டுக் கிரீனுக்குப் போங்கள். ஸ்கோரைக் கிரீனிலேயே நின்று எழுத வேண்டாம். பாருக்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வது அவமானம் இல்லை. ஆட்டக்காரரின் திறனை எண்ணால் கணக்கிடும், 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையிலேயே ஒரு குழிக்கு இத்தனை அடிக்கு மேல் எண்ணக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆபத்து

இதில் சமாதானமே கிடையாது. கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராம் வரை இருக்கலாம், அது வரும் வேகத்தில் மண்டையைப் பிளக்கும். சின்ன மைதானங்களில் ஃபேர்வேக்கள் நெருக்கமாக அடுத்தடுத்து ஓடுகின்றன, நடுவே தடுப்பாக ஒரு வரிசை மரம்கூட இருக்காது. பந்து யார் பக்கமாவது போனால் அந்த நொடியே 'ஃபோர்!' என்று அடித்தொண்டையிலிருந்து கத்துங்கள். கூச்சப்பட்டு முணுமுணுப்பவர்கள் அதிகம். முன்னால் இருக்கும் குழு உங்கள் மிகச் சிறந்த அடியின் தூரத்தையும் தாண்டும்வரை காத்திருங்கள். 'என்னால் அவ்வளவு தூரம் அடிக்க முடியாது' என்று நினைத்து அடிக்கும் பந்துதான் அன்றைக்கென்று நேராகப் பறக்கும். புல்வெட்டுகிறவர் காது மூடி அணிந்து இயந்திரத்தில் இருந்தால் உங்கள் குரல் அவருக்குக் கேட்காது. அவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்த பிறகே அடியுங்கள். இடிச்சத்தம் கேட்டால் உடனே வெளியேறுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

தரையைப் பார்த்துக்கொள்வது

கட்டணம் குறைந்த மைதானத்தில் பராமரிப்புக்கு ஆட்களும் குறைவு. அதனால் நாம் விட்டுப்போகும் ஒவ்வொரு தழும்பும் அங்கே நீண்ட நாள் கிடக்கும். பந்து விழுந்து கிரீனில் ஏற்படும் பள்ளத்தைப் பலர் கருவியைக் குத்தி, நடுப்பகுதியை நெம்பி மேலே தூக்குகிறார்கள். அப்படிச் செய்தால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துபோகும். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிப் புல்லைத் தள்ளிவிட்டு, பட்டரின் அடியால் தட்டிச் சமமாக்குங்கள். உங்களுடையதோடு சேர்த்து பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றையும் சரிசெய்யுங்கள். பங்கரில் உங்கள் கால்தடத்தை விட்டு வராதீர்கள், மட்டப்பலகை இல்லையென்றால் காலாலேயே சமப்படுத்தலாம்.

பணம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்பதுதான் விதி, குறைந்தது இத்தனை வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பழைய கிளப் ஏழு இருந்தாலே நிறைவாக ஆடலாம். கைப்பிடி தேய்ந்து வழுக்கினால் மட்டும் மாற்றிவிடுங்கள், புது டிரைவர் வாங்குவதைவிட அது அதிகம் உதவும்.

கடைசியாக, ஆட்டத்தின் நடுவே வீச்சைத் திருத்தாதீர்கள், கேட்காதவருக்குத் திருத்தமும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் மூன்று சின்னக் குறிகள் போடுங்கள்: எத்தனை பட், எத்தனை தண்டனை அடி, கிரீனைச் சுற்றி எத்தனை அடி. நாலு ஆட்டத்து அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பயிற்சிக்குப் போகும் நாளில் எந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டு போவது என்று தெரிந்துவிடும்.